தானாக ஓடும் குட்டி கார்: பாகங்கள், பயிற்சி, தடம் மாறும் இடங்கள்

கேமராவில் தெரியும் பாதையைப் பார்த்து ஸ்டியரிங்கைத் தானே திருப்பும் சிறிய காரை வீட்டு ஹாலிலேயே செய்துவிடலாம். ஒரு ரிமோட் கார், ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி (இனி 'பை'), 'டாங்கி கார்' என்ற இலவச மென்பொருள், இவ்வளவுதான் அடிப்படை. மனிதர் ஓட்டுவதைப் பார்த்துக் கற்கும் இந்த முறை புதிதல்ல. 1989-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டீன் பொமர்லோ எழுதிய ஆல்வின் என்ற நிரல், 30×32 புள்ளிகளே கொண்ட படத்தைப் பார்த்து ஒரு வேனைத் திருப்பியது. 2016-இல் என்விடியா அதையே 66×200 புள்ளிப் படத்தோடும் பெரிய நியூரல் நெட்வொர்க்கோடும் (உதாரணங்களிலிருந்து கற்கும் கணினி அமைப்பு) நிஜச் சாலையில் செய்து காட்டியது.

மென்பொருளை நிறுவுவது ஒரு மாலை வேலை. கார் வளைவில் பாதையை விடாமல் ஓடுமா, சுவரில் மோதுமா என்பது நீங்கள் சேர்க்கும் படங்களைப் பொறுத்தது.

பாகங்கள்

1/10 அல்லது 1/16 அளவு ரிமோட் கார் வாங்குங்கள். முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான ஸ்டியரிங் சர்வோவும், ஓட்டும் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யும் தனித்தனியாக இருப்பது கட்டாயம். பொம்மைக் கடைக் கார்களில் இரண்டும் ஒரே பலகையில் இருக்கும். ஸ்டியரிங்கும் முழு இடது, நேர், முழு வலது என்று மூன்றே நிலைதான். அது இதற்கு ஆகாது. மோட்டார் பிரஷ் உள்ளதாக இருக்கட்டும். விலை குறைந்த பிரஷ்லெஸ் மோட்டார்கள் மெதுவாக உருளும்போது திக்கித் திக்கி ஓடும், நமக்கோ மெதுவான ஓட்டம்தான் தேவை.

இதோடு 4 ஜி.பி. ராஸ்பெர்ரி பை 4, அகலக் கோணக் கேமரா, பையின் கட்டளையை சர்வோவுக்கும் இ.எஸ்.சி.க்கும் கொண்டுசெல்லும் பி.சி.ஏ. 9685 சர்வோ பலகை, ப்ளூடூத் ஜாய்ஸ்டிக். கீபோர்டிலோ போன் திரையிலோ ஓட்டிப் பயிற்சி தராதீர்கள். கீபோர்டில் திருப்பத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்க முடியாது. போனில் வைஃபை தாமதம் படத்தையும் திருப்பத்தையும் பொருந்தவிடாது.

ராஸ்பெர்ரி பைக்குத் தனி மின்சாரம் கொடுங்கள்: 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் பவர் பேங்க். கார் பேட்டரியிலிருந்தே எடுத்தால் மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் விழுந்து பை அணைந்துவிடும். பலர் இதை மென்பொருள் கோளாறு என்று நினைத்து நாள்கணக்கில் தேடுவார்கள்.

சர்வோ பலகையில் வி.சி.சி. (மின்சாரம்) என்று எழுதிய முனையைப் பையின் 1-ஆம் பின்னுக்கு, எஸ்.டி.ஏ. (தரவு) 3-க்கு, எஸ்.சி.எல். (கடிகாரத் துடிப்பு) 5-க்கு, கிரவுண்ட் 6-க்கு இணையுங்கள். சர்வோவுக்கான மின்சாரம் இ.எஸ்.சி.யின் மூன்று கம்பிக் கொத்திலிருந்தே பலகைக்கு வந்துவிடும். அந்தச் சிவப்புக் கம்பியைப் பையின் 5 வோல்ட் பின்னோடு இணைக்கக் கூடாது.

அளவு பிடித்தல்

காரை ஒரு டப்பாவின் மேல் தூக்கி வையுங்கள், சக்கரம் தரையில் படக் கூடாது. சர்வோவும் இ.எஸ்.சி.யும் சுமார் 1 முதல் 2 மில்லிநொடி நீள மின் துடிப்பைப் புரிந்துகொள்பவை, 1.5 நடுநிலை. பலகை நொடிக்கு 60 முறை துடித்து, ஒவ்வொரு முறையையும் 4096 பங்காகப் பிரிக்கிறது. எனவே நடுநிலை ஏறக்குறைய 370 என்ற எண்ணில் வரும். ஸ்டியரிங்கில் அங்கிருந்து பத்துப் பத்தாக ஏற்றி, சர்வோ 'கிர்ர்' என்று முனகத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னே நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். முனகவிட்டால் சர்வோ சூடாகிக் கருகும். கார் நேராக ஓடாவிட்டால் முதலில் சக்கரத்தின் இணைப்புத் தண்டைச் சரிசெய்யுங்கள், அந்த எண்ணை மாற்றுவது பிறகுதான்.

பாதை

தரையில் 5 செ.மீ. அகல டேப்பால் இரண்டு ஓரக் கோடுகள் ஒட்டுங்கள். 1/16 காருக்கு இடையே 60 முதல் 75 செ.மீ. போதும். மிக இறுக்கமான வளைவு, கார் முழுத் திருப்பத்தில் போடும் வட்டத்தை விட நன்றாக அகலமாக இருக்கட்டும். பளபளக்கும் டைல்ஸில் டியூப்லைட்டின் பிரதிபலிப்பும் வெள்ளைக் கோடாகவே கேமராவுக்குத் தெரியும். விளக்கை மாற்ற முடியாவிட்டால் மஞ்சள் டேப் ஒட்டுங்கள். கேமராவை உயரத்தில், சற்றே கீழ்நோக்கி வையுங்கள். படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுவது நல்லது. இல்லையென்றால் மாடல் (நாம் பயிற்சி தரும் நியூரல் நெட்வொர்க்) ஓரக் கோடுகளைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரையும் நாற்காலிக் காலையும் அடையாளம் வைத்துத் திரும்பக் கற்றுக்கொள்ளும். பயிற்சி முடிந்ததும் நாற்காலியை இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள், குட்டு வெளிப்படும்.

படம் சேர்த்தல்

160×120 அளவில் நொடிக்கு 20 படம், ஒவ்வொன்றோடும் அந்த நேரத்துத் திருப்பமும் வேகமும் பதிவாகும். பத்து நிமிடத்தில் 12,000 படம். தொடங்க இது போதும். பாதி வலச்சுற்று, பாதி இடச்சுற்று ஓட்டுங்கள். ஒரே பக்கம் சுற்றினால் கார் நேர்க்கோட்டிலும் அந்தப் பக்கமே சாயும்.

இனிதான் பெரும்பாலோர் கோட்டை விடும் இடம். இரு கோடுகளுக்கும் நடுவில் அழகாக ஓட்டிய படங்கள் மட்டும் இருந்தால், கார் அரை சாண் விலகியதுமே அதுவரை பார்த்திராத காட்சியைப் பார்க்கிறது. அங்கே என்ன செய்வதென்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. சிறு தவறு, அடுத்த தவறை இன்னும் பெரிதாக்கும். ஒரு நொடியில் கார் பாதைக்கு வெளியே. ஆல்வினில் இதற்காகப் படங்களைப் பக்கவாட்டில் நகர்த்தி, 'இவ்வளவு விலகினால் இவ்வளவு திருப்பு' என்று கூடுதல் பாடம் தயாரித்தார்கள். என்விடியா காரில் இடமும் வலமும் கூடுதல் கேமராக்களை வைத்து அதையே செய்தது.

நம்மிடம் ஒரே கேமரா. ஆகவே பதிவை நிறுத்திவிட்டுக் காரை ஓரத்துக்கு விலக்குங்கள். பிறகு பதிவைத் தொடங்கி நடுவுக்குத் திருப்புங்கள். விலகும் பகுதி பதிவாகக் கூடாது, மீளும் பகுதி மட்டும் வேண்டும். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இப்படி இருக்கட்டும். மோதினால் அதற்கு முந்தைய 5 நொடி, அதாவது 100 படங்களை, உடனே அழித்துவிடுங்கள்.

பயிற்சியும் முதல் ஓட்டமும்

பயிற்சியைப் பையில் அல்லாமல் லேப்டாப்பில் நடத்துங்கள். 80 சதவீதப் படம் கற்க, 20 சதவீதம் சோதிக்க. இதைக் கலைத்துப் போட்டுப் பிரித்தால் ஏமாந்துபோவீர்கள். அடுத்தடுத்த இரு படங்கள் அச்சு அசலாக இருப்பதால், சோதனைப் படத்தின் இரட்டை ஏற்கெனவே பாடத்தில் இருக்கும். பிழை எண் மிக நன்றாகத் தெரியும், கார் ஓடாது. முழுச் சுற்றுகளாகப் பிரித்து, கடைசிச் சுற்றுகளைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். நேர்க்கோட்டுப் படங்கள் குவிந்திருந்தால் பாதியை நீக்குங்கள், இல்லாவிட்டால் மாடல் 'எப்போதும் நேராகப் போ' என்பதையே பாதுகாப்பான விடையாக எடுத்துக்கொள்ளும். படத்தை இடவலமாகப் புரட்டி, திருப்பத்தின் குறியையும் மாற்றினால் தரவு இரட்டிப்பாகும்.

முதல் ஓட்டத்தில் ஸ்டியரிங்கை மட்டும் மாடலிடம் கொடுங்கள், வேகம் உங்கள் விரலில் இருக்கட்டும். 1995-இல் பொமர்லோவும் டாட் யோக்கெமும் பிட்ஸ்பர்க்கிலிருந்து சான் டியேகோ வரை சென்றதும் இப்படித்தான்: பெரும்பாலான தூரம் ஸ்டியரிங் கணினியிடம், ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் மனிதரிடம். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கார் 5 செ.மீ. நகர்ந்துவிடும். அதைத் தாண்டி வேகம் கூட்ட அவசரப்பட வேண்டாம்.

எங்கே தடுமாறுகிறதோ அங்கே கட்டுப்பாட்டைப் பிடுங்கி நீங்களே மீட்டு ஓட்டுங்கள். அந்தப் படங்களைப் பழையவற்றோடு சேர்த்து மறுபடி பயிற்சி கொடுங்கள். மூன்று நான்கு முறை இதைச் செய்தால் கிடைக்கும் முன்னேற்றம், நெட்வொர்க்கில் அடுக்குகளைக் கூட்டுவதால் கிடைக்காது.

காலையில் ஓடிய கார் மாலையில் ஓடவில்லை என்றால் ஜன்னல் வெளிச்சம்தான் காரணம். இரண்டு நேரத்திலும் படம் எடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே போல மந்தமாக ஓடினால் பேட்டரியைப் பாருங்கள். இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி நிறைந்திருக்கையில் 8.4 வோல்ட், 6.6-க்குக் கீழே இறங்க விடாதீர்கள். வளைவில் எப்போதும் தாமதமாகத் திரும்பினால் கேமராவை இன்னும் கொஞ்சம் தூரம் தெரியும்படி நிமிர்த்துங்கள். கேமரா கோணம் மாறினால் பழைய படங்கள் செல்லாது.

சாலைக் கார்களில் இன்று இரு போக்குகள் இருக்கின்றன. டெஸ்லாவும் லண்டனின் 'வேவ்' (Wayve) நிறுவனமும் கேமரா முதல் ஸ்டியரிங் வரை கற்றலிடமே விடும் பக்கம். கூகுள் குழுமத்தின் வேமோ, லைடார் (லேசரால் தூரம் அளக்கும் கருவி), ரேடார், துல்லிய வரைபடம் எல்லாவற்றையும் சேர்க்கும் பக்கம். ஓட்டுநரே இல்லாத டாக்ஸியை 2020-இல் பீனிக்ஸில் பொதுமக்களுக்குத் திறந்தது அதுதான்.

நம் காருக்கும் இரண்டாவது உணரி ஒன்று அவசியம். இந்த மாடலுக்குப் பாதை மட்டுமே தெரியும், எதிரே பெட்டி இருந்தால் நேரே இடிக்கும். முன்பக்கம் ஒலி அலையால் தூரம் அளக்கும் எச்.சி. எஸ்.ஆர். 04 அல்ட்ராசோனிக் உணரியைப் பொருத்துங்கள். அதன் எக்கோ கம்பி 5 வோல்ட் தரும், பையின் பின் தாங்குவது 3.3 மட்டுமே. எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பின்னுக்கும், பின்னிலிருந்து 2 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்கும் இணைத்து வோல்டேஜைக் குறையுங்கள். தூரம் 40 செ.மீ.க்குக் கீழே போனால், மாடல் என்ன சொன்னாலும் வேகம் பூஜ்ஜியம் என்ற ஒரு நிபந்தனையைக் கடைசியில் எழுதுங்கள்.