ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது: ஜன்னல் அளவு செய்த குழப்பம்

கேம் உருவாக்கும் மென்பொருளான கோடாட் 4-இல் ஒரு சின்ன பிக்சல் கேம் செய்துகொண்டிருந்தேன். அடிப்படை அளவு 320×180 பிக்சல். கேம் ஓடும் ஜன்னலைப் (விண்டோ) பெரிதாக்கினாலும் படம் வளரவில்லை. புராஜெக்ட் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, விண்டோ, ஸ்ட்ரெச் என்று போய் மோடை ‘வியூபோர்ட்’ ஆக்கினேன். படம் வளர்ந்தது, ஆனால் முழுத்திரையில் கதாபாத்திரத்தின் ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது!

வரைந்ததில்தான் தப்பு என்று ஒரு மாலை முழுக்க ஸ்பிரைட்டை, அதாவது கதாபாத்திரத்தின் படத்தை, திருத்திக்கொண்டிருந்தேன். அசட்டுத்தனம். அப்புறம்தான் கணக்குப் போட்டேன். என் திரை 1366×768. 768-ஐ 180-ஆல் வகுத்தால் 4.27 மடங்கு. ஒரு பிக்சலை நாலேகால் பிக்சலாகக் காட்ட முடியாதே, சில 4, சில 5 ஆகிவிடுகின்றன.

அதே இடத்தில் ஸ்கேல் மோடை ‘இன்டிஜர்’ (முழு எண் மடங்கு மட்டும்) என்று மாற்றினேன். இப்போது சரியாக 4 மடங்கு, 1280×720. சுற்றிலும் கருப்புப் பட்டை விழுகிறது. சரி, விழட்டும்.