யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்ப்பெயர்களைப் படிக்கும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்ப்பெயர்களுக்குப் பொருள் தேடுவோர் அகராதியை எடுக்குமுன் வரைபடத்தை எடுக்க வேண்டும். முதலில் நீரின் எல்லைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் திறந்த கடல். தெற்கே ஆழமற்ற கடல்நீரேரி. தென்கிழக்கில், ஆனையிறவில், நிலம் ஒடுங்கி வன்னிப் பெருநிலத்தோடு சேர்கிறது. குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்தையும் வடகிழக்குப் பகுதியான வடமராட்சியையும் தொண்டைமானாறு பிரிக்கிறது. பெயரில் ஆறு இருந்தாலும் அது கடல்நீரேரியே என்பதை இப்போதே மனத்தில் வையுங்கள். பெயரை மட்டும் நம்பினால் நிலம் தவறிப்போகும்.

அடுத்து, பெயர்களின் ஈறுகளைத் தனித்தனியே திரட்டுங்கள். காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை ஆகிய மூன்றையும் வரைபடத்தில் புள்ளியிட்டால், அவை வடகரையில் வரிசையாக அமைவதைக் காணலாம். கோண்டாவில், கொக்குவில், இணுவில், உடுவில் ஆகியவையோ வலிகாமத்தின் உட்பகுதியில் நெருங்கிக் கிடக்கின்றன. இந்த 'வில்' சிறு நீர்நிலையைக் குறிப்பது என்று ஆய்வாளர் கொள்வர். சுண்ணாம்புக்கல் நிலமாதலால் மழைநீர் கீழே இறங்கிவிடுகிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கே இல்லை, கிணறுகளே உயிர்நாடி. அத்தகைய மண்ணில் ஒரு சிறு குளமும் ஊருக்குப் பெயராகும் தகுதி பெற்றதில் வியப்பில்லை.

பிறகு அயலார் இட்ட பெயர்களை ஒப்பிடுங்கள். என் கருத்தில் மிகுந்த பயன் தருவது இந்தப் படிதான். பருத்தித்துறையின் ஆங்கிலப் பெயரான பாயின்ட் பீட்ரோவைக் கேட்போர் பீட்ரோ என்ற ஒருவரின் பெயரென நினைப்பதுண்டு. அது 'கற்களின் முனை' என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொற்றொடரின் திரிபு. கரையில் நின்றவர்கள் அங்கே ஏறிய பருத்தியைக் கண்டார்கள். கடலிலிருந்து வந்தவர்கள் கப்பலை அச்சுறுத்திய கல்லைக் கண்டார்கள். ஒல்லாந்தரோ தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர்: வேலணை லைடன், காரைதீவு ஆம்ஸ்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட். இவற்றுள் டெல்ஃப்ட் மட்டுமே ஆங்கில வழக்கில் இன்றும் பரவலாக நிற்கிறது. இத்தகைய பெயர்களில் நிலத்தின் செய்தியைத் தேட வேண்டாம்.

இறுதியாக, பெயர்க்கதைகளைத் தனி ஏட்டில் எழுதுங்கள். யாழ் வாசித்த பாணனுக்கு மன்னன் பரிசாக அளித்த நிலமே யாழ்ப்பாணம் என்பது அவற்றுள் புகழ்பெற்றது. அதைச் சான்றாகக் கொள்ளாமல், மரபாக மதித்துப் பதிவுசெய்யுங்கள். வலிகாமத்தைப் போல ஒரு பெயருக்கு இருவேறு விளக்கங்கள் கிடைக்குமானால் இரண்டையும் எழுதி, எது அவ்விடத்து மண்ணோடும் நீரோடும் பொருந்துகிறது என்பதை அருகிலேயே குறித்துவையுங்கள்.