உடன்படிக்கை கையெழுத்தான பிறகு யார் பார்த்துக்கொள்வது? கனடாவின் பூர்வகுடி உடன்படிக்கைகள் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1850-ல் ஹியூரான் ஏரிக்கு வடக்கே வாழ்ந்த அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்கள் பிரிட்டிஷ் அரசுடன் ராபின்சன்-ஹியூரான் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். நிலத்துக்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு தொகை. நிலத்தின் வருமானம் கூடினால் அந்தத் தொகையும் கூடும் என்று எழுதப்பட்டது. 1875-ல் அது தலைக்கு 4 டாலர் ஆனது. அதன் பிறகு மரம் வெட்டினார்கள், அந்த நிலத்திலுள்ள சட்பரியில் நிக்கல் தோண்டினார்கள், ரயில் பாதை போட்டார்கள். தலைக்கு 4 டாலர் மட்டும் அசையவில்லை. 2023-ல் மத்திய அரசும் ஒன்டாரியோ மாகாண அரசும் ஆளுக்குப் பாதியாக 1,000 கோடி டாலர் தந்து பழைய பாக்கியைத் தீர்க்க ஒப்புக்கொண்டன.

இதை வெறும் வாக்குத் தவறலாக எழுதிவிட்டு நகர்வதுதான் அடிக்கடி காணும் தவறு. வாக்குத் தவறியது உண்மைதான். ஆனால் ஆண்டுதோறும் அந்த விதியை எடுத்து வைத்து, ‘ஏன் இன்னும் கூட்டவில்லை’ என்று அரசைக் கேட்கும் பொறுப்பு எந்த அலுவலகத்துக்கு இருந்தது? எதற்கும் இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம்தான் யாருக்கும் இருக்கவில்லை.

‘அதற்குத்தான் நீதிமன்றம் இருக்கிறதே’ என்பார்கள். 1927 முதல் 1951 வரை, நில உரிமை வழக்குக்காகப் பூர்வகுடியினரிடம் பணம் திரட்டுவதையே கனடாவின் இந்தியர் சட்டம் (பூர்வகுடியினரைத்தான் ‘இந்தியர்’ என்கிறது) குற்றமாக்கி வைத்திருந்தது. அந்தக் காலம் போய்விட்டது என்று வைத்துக்கொண்டாலும், நீதிமன்றத்தைக் கண்காணிப்பாக எண்ணுவது பிழை. கனடாவின் வடகோடியில், இன்யூட் என்ற பூர்வகுடியினர் பெரும்பான்மையாக வாழும் நுனாவுட் ஆட்சிப்பகுதியைப் பாருங்கள். 1993-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவு, அரசு வேலைகளில் இன்யூட் மக்களின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கை எட்ட வேண்டும் என்கிறது. அது ஏறத்தாழ 85 விழுக்காடு. 2006-ல் முன்னாள் நீதிபதி தாமஸ் பெர்கர் ஆராய்ந்தபோது நுனாவுட் அரசில் இன்யூட் ஊழியர்கள் 45 விழுக்காடுதான். அதிலும் பெரும்பாலோர் கீழ்நிலைப் பணிகளில். தகராறு வந்தால் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று உடன்படிக்கையிலேயே இருந்தது. ஆனால் இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். இன்யூட் அமைப்பு 17 முறை கேட்டது. மத்திய அரசு ஒருமுறைகூட இணங்கவில்லை. வேறு வழியின்றி அந்த அமைப்பு 2006 இறுதியில் வழக்குத் தொடர்ந்தது. 2015-ல் 25.55 கோடி டாலர் சமரசத்துடன் அது முடிந்தது. வழக்குத் தொடர்ந்த ஆண்டில் பள்ளியில் சேர்ந்த பிள்ளை அதற்குள் உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருக்கும். நீதிமன்றம் கேடு வந்த பிறகு ஈடு கட்டச் சொல்லும். கேடு வருகிறது என்று முன்கூட்டிச் சொல்லாது.

அடுத்த தவறு, உடன்படிக்கைகளுக்குப் பொறுப்பான அரசுத் துறையின் ஆண்டறிக்கையைக் கண்காணிப்பு அறிக்கையாக எடுத்துக்கொள்வது. பலரும் வழுக்கி விழும் இடம் இதுதான். பொறுப்பான துறை உடன்படிக்கையின் எழுத்தைக் காப்பாற்றுகிறது, அதன் நோக்கத்தைக் காப்பாற்றவில்லை என்று கனடாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2003-லேயே சுட்டிக்காட்டினார். ஆண்டுக்கொரு கூட்டம் நடத்த வேண்டும் என்று விதி இருக்கிறதா? கூட்டம் நடந்தது, எனவே கடமை நிறைவேறியது. அந்தக் கூட்டத்தால் ஏதாவது நடந்ததா என்ற கேள்விக்கு அறிக்கையில் இடமே கிடையாது. ஏட்டுச் சுரைக்காயை நறுக்கிக் கறியும் வைத்துவிட்டதாகக் கணக்கு எழுதுகிறார்கள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறிக்கை கையில் கிடைத்தால் அதில் எத்தனை பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டாம். எழுதியவர் யாருக்குப் பதில் சொல்கிறார், அமைச்சருக்கா நாடாளுமன்றத்துக்கா என்று பாருங்கள். அவரைப் பதவியில் அமர்த்துவதில் பூர்வகுடியினருக்குப் பங்கு உண்டா, துறையின் கோப்புகளைக் கேட்டு வாங்க அவருக்கு அதிகாரம் உண்டா என்றும் பாருங்கள்.

உடன்படிக்கைகளைக் கண்காணித்து நாடாளுமன்றத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லும் தனி ஆணையர் வேண்டும் என்பது, நவீன உடன்படிக்கைகள் செய்துகொண்ட பூர்வகுடியினர் 2003-ல் உருவாக்கிய நில உரிமை உடன்படிக்கைக் கூட்டணியின் நெடுநாள் கோரிக்கை. 2024 அக்டோபரில் அதற்கான மசோதா வந்தது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டதும் அது காலாவதியானது. அதே ஆண்டு செப்டம்பரில் சி-10 என்ற எண்ணுடன் மீண்டும் வந்தது. அறிவிப்பு வந்த நாளிலேயே ‘கனடா ஆணையரை நியமித்துவிட்டது’ என்று எழுதியவர்கள் உண்டு. மசோதா வந்தாலே சட்டம் ஆகிவிடாது; அவசரப்பட்டுவிட்டார்கள்.

இந்த ஆணையர் எல்லா உடன்படிக்கைகளையும் பார்ப்பார் என்று நினைப்பதும் தவறு. மசோதா பேசுவது 1975-ன் ஜேம்ஸ் பே உடன்படிக்கை முதலான நவீன உடன்படிக்கைகளைப் பற்றி. 1871 முதல் 1921 வரை செய்யப்பட்ட, 1, 2, 3 என எண்ணிட்ட உடன்படிக்கைகளும் ராபின்சன்-ஹியூரானும் அதில் அடங்கா. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியை உள்ளடக்கிய வில்லியம்ஸ் உடன்படிக்கைகளும் (1923) அடங்கா.

ஆணையரால் அரசுக்கு உத்தரவிட முடியாது; ஆராய்ந்து அறிக்கை தரலாம், அவ்வளவே. அதனால் பயனில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நியூசிலாந்தில் மாவோரிப் பூர்வகுடியினரின் உடன்படிக்கைக் குறைகளை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயத்தின் பரிந்துரைகளும் பெரும்பாலும் அரசைக் கட்டுப்படுத்தாதவைதான். ஆனால் அங்கே தலைமைத் தணிக்கையாளர் 2025-ல் வெளியிட்ட அறிக்கை, மாவோரி மக்களுடனான தீர்வு ஒப்பந்தங்களில் ஏறத்தாழ 12,000 கடமைகள் இருப்பதையும், அவை சுமார் 150 அரசு நிறுவனங்களிடம் சிதறிக் கிடப்பதையும், பல நிறுவனங்கள் அவற்றை நிறைவேற்றத் தடுமாறுவதையும் வெளியே கொண்டுவந்தது. எந்தக் கடமை எந்த அலுவலகத்தில் தேங்கி நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், மாவோரித் தரப்பினர் நேரே அந்த அலுவலகத்தின் கதவைத் தட்டலாம்.