கேஎல் நாடகம்: பகல் காட்சியே லாபம்

சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் இஸ்தானா புடாயா அரங்கில் நாடகமோ நடனமோ பார்க்கப் போகிறவர்கள், இரவுக் காட்சியை விட்டுவிட்டு பகல் காட்சிக்கு டிக்கெட் எடுங்கள். காலையில் பக்கத்துக் கட்டடமான தேசியக் கலைக்கூடத்தில் ஓவியங்களைப் பார்த்துவிடலாம். இரண்டும் ஜாலான் துன் ரசாக்கை ஒட்டி அடுத்தடுத்து இருப்பதால் நடுவில் கிராப் (வாடகை கார்) காசு மிச்சம். கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயிலை விட்டு இறங்கி மோனோரயில் ஏறினால் கடைசி நிறுத்தம் தித்திவங்சா. அங்கிருந்து நடை அல்லது சின்ன கிராப். காட்சி மாலையில் முடிந்துவிடும், ஹோட்டல் அறை வேண்டாம்.

எல்லா நிகழ்ச்சிக்கும் பகல் காட்சி இருக்காது, பெரும்பாலும் வார இறுதியில்தான். திரும்பும் ரயில் டிக்கெட்டை முதலில் பாருங்கள். அப்புறம், சிலிப்பர், அரைக்கால் சட்டையோடு போனால் அரங்குக்குள் விடமாட்டார்கள். பாத்தேக் சட்டை போதும்.