விருது கொடுக்கும் முன் ஆல்பத்தை மூடி வையுங்கள்

எல்லோரையும் சமமாக நடத்தும் உள்ளாட்சிக்கு விருது என்று அறிவித்துப் பாருங்கள். முதலில் வந்து சேர்வது புகைப்பட ஆல்பமாகத்தான் இருக்கும். பல மதத்தார் கலந்துகொண்ட விழா, வண்ணம் தீட்டிய சுவர், சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் தலைவர் மாலை போடும் காட்சி. உள்ளாட்சி அலுவலக முகப்பில் உட்கார்ந்து மனு வாங்கிய ஆள் நான். அந்தப் படங்களுக்கு ஆட்களை எப்படித் திரட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பிற்பாடு தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்தபோது ஆல்பங்களைக் கட்டி ஓரத்தில் வைத்துவிடுவதே என் வழக்கமாகிவிட்டது. விழா இல்லாத சாதாரண நாளில் அந்த அலுவலகம் யாரை எப்படி நடத்துகிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. கீழே உள்ளதெல்லாம் அதைக் கண்டுபிடிக்கும் வழிகள்.

விண்ணப்பப் படிவத்திலிருந்து தொடங்குங்கள். "உங்கள் தொலைநோக்கு என்ன?" என்று கேட்டால் நாலு பக்கத்துக்கு அலங்கார நடையில் பதில் வரும். அதை விட்டுவிட்டு மூன்று தாள்களைக் கேளுங்கள்: அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் வரவு செலவுத் திட்டத்தில் சமத்துவப் பணிக்கான பக்கம், மன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல், புகார்ப் பதிவேட்டிலிருந்து ஒரு மாதத்துப் பக்கங்கள் (புகார் கொடுத்தவர்களின் பெயரை மறைத்து). மூன்றாவது தாளைக் கேட்டதுமே சிலர் விலகிக்கொள்வார்கள். போகட்டும். புகாரே வரவில்லை என்று பெருமையாக எழுதுபவர்களிடம்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். கதவு திறந்திருக்கும் அலுவலகத்துக்குப் புகார் வரத்தான் செய்யும்.

சிறிய ஊரையும் மாநகரையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள். மாநகருக்கு எழுதிக் கொடுக்கத் தனித் துறையே இருக்கும். சிற்றூரின் விண்ணப்பத்தை வரி வசூலிக்கும் எழுத்தரே இரவில் உட்கார்ந்து எழுதியிருப்பார். ஐரோப்பிய ஆணையம் 2022இல் முதன்முறையாக வழங்கிய எல்லோரையும் உள்ளடக்குவதற்கும் பன்முகத்தன்மைக்குமான 'தலைநகர்' விருதில் (பெயர்தான் தலைநகர், சிற்றூரும் போட்டியிடலாம்) 50,000 மக்கள்தொகைக்குக் கீழே, மேலே என்று இரண்டு பிரிவு வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. இன்னொன்று: நடை நன்றாக இல்லை என்று மதிப்பெண் குறைக்காதீர்கள்.

எதற்கு மதிப்பெண் கொடுப்பது என்பதில்தான் குழுக்கள் தடுமாறுகின்றன. நான் முன்வைக்கும் உதாரணங்கள் கொஞ்சம் சப்பென்று இருக்கும். நெதர்லாந்தின் பிரெடா நகரம் 2019இல் ஐரோப்பாவின் அணுகல் நகர விருதைப் பெற்றது; மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் எளிதில் புழங்கக்கூடிய நகரங்களுக்கான விருது அது. பழைய நகர மையத்தின் கருங்கல் பாவிய தெருக்களில் சக்கர நாற்காலி உருளாது. அந்தக் கற்களை அகற்றித் தார் ஊற்றாமல், பெயர்த்தெடுத்து அறுத்து, வழவழப்பான முகம் மேலே வரும்படி திருப்பிப் பதித்தார்கள். பழமையும் போகவில்லை, சக்கரமும் ஓடியது. ஸ்வீடனில் கார்ல்ஸ்கூகா என்றொரு ஊர். பனி அள்ளும் வரிசையைக் கூட ஆண், பெண் சமத்துவக் கண்ணோடு பார்த்தார்கள். காலம் காலமாகக் கார் ஓடும் பெரிய சாலைகளுக்குத்தான் முதலிடம். நடந்தும் பேருந்திலும் போகிறவர்களில் பெண்கள் அதிகம் என்று தெரிந்தபின் நடைபாதைகளில் பனியை முதலில் அள்ளினார்கள். அதே வண்டி, அதே ஆட்கள், வரிசை மட்டும் வேறு.

எனக்கு மிகவும் பிடித்தது வியன்னா. 1990களின் நடுவில் அங்கே நடந்த ஆய்வில், ஒன்பது வயது தாண்டியதும் பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைந்துவிடுவது தெரிந்தது. பையன்கள் குறையவில்லை. இருந்த ஒரே பெரிய திடலைப் பையன்கள் பிடித்துக்கொள்ள, பெண்கள் போட்டி போடாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள்: நடைபாதைகள் கூடின, பூப்பந்துக்கும் கைப்பந்துக்கும் இடம் வந்தது, ஒரே திடல் சிறு சிறு இடங்களாகப் பிரிந்தது. பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இங்கே நடுவர் கவனிக்க வேண்டியது, வராதவர்களை யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பது. விண்ணப்பதாரரிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வியும் அதுதான்: உங்கள் இடத்துக்கு யார் வருவதில்லை, அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

நேரில் போவதைத் தவிர்க்காதீர்கள். தேதியை முன்கூட்டிச் சொன்னால் சாய்தளத்தில் பெயின்ட் ஈரமாக இருக்கும். வேலை நாள் காலையில், கூட்டம் இருக்கும் நேரத்தில் போங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையைத் திறக்கச் சொல்லுங்கள். சாவி யாரிடம் என்று தேட ஆரம்பித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். திறந்தால் உள்ளே துடைப்பமும் உடைந்த நாற்காலியும் இருப்பது மீதி விடை. காது கேளாத ஒருவர் முகப்புக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று அதிகாரியைக் கேட்காமல் முகப்பில் இருப்பவரையே கேளுங்கள். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களோடு தனியாகப் பேசுங்கள். வெளியே சமத்துவம் பேசிக்கொண்டு உள்ளே தனி டம்ளர், தனி வாசல் வைத்திருக்கும் அலுவலகம் எவ்வளவு நல்ல திட்டம் தீட்டினாலும் என் பட்டியலில் கிடையாது. உங்களோடு வருகிறவர்களில் பாதிப் பேராவது அந்தச் சிரமங்களை அனுபவித்தவர்களாக இருக்கட்டும். அவர்கள் நேரத்துக்கும் ஊதியம் கொடுங்கள். ஆலோசகருக்கு மட்டும் கொடுத்து இவர்களுக்குத் தேநீரோடு முடிப்பது அசிங்கம்.

நல்ல எண்ணத்தில் சேர்த்த விவரம் பின்னால் ஆபத்தாகவும் முடியலாம், அதையும் பாருங்கள். நியூயார்க் 2015இல் குடியேற்ற நிலையைக் கேட்காமல் நகர அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கியது. அதற்காக வாங்கிய ஆவண நகல்கள் அனுமதியின்றித் தங்கியிருப்பவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சம் வந்தது. அவற்றை அழிக்கலாமா என்பது நீதிமன்றம் வரை போய், 2017இல் அழிக்கலாம் என்று தீர்ப்பானது. சிறுபான்மையினர் பட்டியல் வைத்திருக்கிறோம் என்று ஓர் உள்ளாட்சி சொன்னால், ஆட்சி மாறினால் அந்தப் பட்டியல் யார் கைக்குப் போகும் என்று கேளுங்கள்.

ஆட்சி மாற்றம் என்றால் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரைச் சொல்லியாக வேண்டும். வார்டு வார்டாக மக்களே கூடி நகரச் செலவின் முன்னுரிமையை முடிவு செய்யும் முறை 1989இல் அங்கே தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது. தொடங்கிய கட்சி 2004 தேர்தலில் தோற்றபின் அங்கேயே அது வலுவிழந்தது. ஆகவே ஒரு தலைவரின் ஆர்வத்துக்கு ஒரு மதிப்பெண் என்றால், துணைவிதியாகவும் நிரந்தர ஒதுக்கீடாகவும் மாறிய வேலைக்கு மூன்று கொடுங்கள். விருதையும் ஆயுளுக்குக் கொடுக்காமல் மூன்று ஆண்டுக்கு என்று வைத்து, மறுபடி போய்ப் பார்த்துப் புதுப்பியுங்கள்.

பாராட்டுப் பத்திரத்தில் "சிறந்த பணிக்காக" என்று பொத்தாம் பொதுவாக எழுதாமல், எந்தச் செயலுக்கு என்று எழுதுங்கள். குறைகளையும் அதே அறிக்கையில் வெளியிடுங்கள். அடுத்த ஊர் பார்த்துக் கற்றுக்கொள்ள அதுதான் உதவும். தகுதியானது எதுவும் வராத ஆண்டில் யாருக்கும் விருது இல்லை என்ற விதியை முதல் அறிவிப்பிலேயே சேர்த்துவிடுங்கள். கடைசி வாரத்தில் அதைச் சொன்னால், மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்று ஏற்பாட்டாளர்கள் வந்து நிற்பார்கள்.