போர்க் கைதியின் வீடியோ கைக்கு வந்தால், பகிர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

எங்காவது சண்டை மூண்டால் போதும், பிடிபட்ட சிப்பாய் கேமரா முன் பேசும் வீடியோ உடனே வந்துவிடுகிறது. நீங்கள் செய்திப் பக்கம் நடத்தினாலும் சரி, குரூப்பில் ஃபார்வர்ட் செய்பவராக இருந்தாலும் சரி, முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதைப் பார்த்தால் அந்த ஆள் யார் என்று தெரிந்துவிடுமா? தெரியும் என்றால் அப்படியே போடாதீர்கள்.

1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 13-வது பிரிவு, போர்க் கைதியை வன்முறை, மிரட்டல், அவமதிப்பு ஆகியவற்றோடு ஊரார் வேடிக்கை பார்ப்பதிலிருந்தும் காக்கச் சொல்கிறது. இது 1929 உடன்படிக்கையிலேயே இருந்த விதி. கட்டுப்படுத்துவது அரசுகளைத்தான், உங்களை நேரடியாக அல்ல. ஆனால் அந்த மாதிரி வீடியோவைப் பெரும்பாலும் எடுப்பதே நீங்கள் பரப்புவீர்கள் என்ற நம்பிக்கையில்தான்.

"நல்லாத்தானே வச்சிருக்காங்க" என்ற வாதம் இங்கே செல்லாது. 2019-ல் இந்திய விமானி அபிநந்தன் பாகிஸ்தானில் பிடிபட்டபோது, முகத்தில் ரத்தத்தோடு ஒரு வீடியோ வந்தது, டீ குடித்தபடி பேசும் வீடியோவும் வந்தது. முதலாவதைக் கண்டித்த பலர் இரண்டாவதைப் பெருமையாகப் பகிர்ந்தார்கள், ஆனால் 13-வது பிரிவின்படி பார்த்தால் இரண்டுமே கைதியை ஊரார் வேடிக்கை பார்க்க வைப்பதுதான். 2003-ல் ஈராக் தொலைக்காட்சி அமெரிக்கக் கைதிகளைக் காட்டியபோது அமெரிக்கா ஜெனீவா உடன்படிக்கையைச் சுட்டிக்காட்டியது, அதே நாட்களில் சரணடைந்த ஈராக்கியர்களின் படங்கள் மேற்கத்திய ஊடகங்களில் வந்துகொண்டிருந்தன. நம் பக்கத்து ஆள் என்றால் கொதிப்பதும் எதிரி என்றால் ரசிப்பதும் எல்லா நாட்டிலும் உண்டு.

"அவரே சம்மதித்துத்தான் பேசுகிறார்" என்பதையும் நம்பாதீர்கள், பிடித்து வைத்திருப்பவர் கையில் உயிர் இருக்கும்போது சொல்லும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு? 17-வது பிரிவின்படி விசாரணையில் அவர் சொல்ல வேண்டியது பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண், அவ்வளவுதான். 2022-ல் உக்ரைனில் பிடிபட்ட ரஷ்யச் சிப்பாய்கள் கேமரா முன் தாய்க்கு போன் பேசும் வீடியோக்களை உருக்கமானவை என்று நினைத்துப் பகிர்ந்தவர்கள், நாளைக்கு அந்தப் பையன் ஊர் திரும்பும்போது துரோகி என்ற பட்டம் காத்திருக்கலாம் என்பதை யோசித்திருக்க மாட்டார்கள்.

விதிவிலக்கு உண்டு. கைதி மிக மூத்த அதிகாரி, நீதிமன்றம் தேடும் ஆள், அல்லது காணாமல் போனவர் உயிரோடு இருப்பதைக் காட்டினால்தான் அவருக்குப் பாதுகாப்பு என்றால், கண்ணியம் குலையாமல் அடையாளத்தை வெளியிடலாம் என்பது செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு தரும் விளக்கம். கொடுமையை அம்பலப்படுத்தும் படத்தையும் போடலாம், முகத்தை மறைத்து. ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கச் சிப்பாய்கள் கைதிகளைக் கொடுமைப்படுத்தியதைக் காட்டும் படங்கள் 2004-ல் வெளிவந்திருக்காவிட்டால் அங்கே நடந்தது அவ்வளவு சீக்கிரம் வெளியே தெரிந்திருக்காது.

சரி, போடத்தான் வேண்டும் என்று முடிவானால், முகத்தை லேசாக மங்கலாக்குவது போதாது, முழுக் கறுப்புக் கட்டமே நல்லது. பெயர்ப் பட்டை, பச்சை குத்தியது, கையில் பிடித்திருக்கும் அடையாள அட்டை, குரல், தலைப்புப் படம், கீழே நீங்கள் எழுதும் வரி எல்லாவற்றையும் ஒரு தடவை பாருங்கள். முகத்தை மறைத்துவிட்டு ஊர் பெயரை எழுதி வைப்பவர்கள் நிறையப் பேர்! போர்க்குற்றம் பதிவாகியிருந்தால் மூலக் கோப்பைத் தொடாமல், எங்கிருந்து எப்போது வந்தது என்ற குறிப்போடு பத்திரமாக வையுங்கள், ஏனென்றால் எடிட் செய்த பிரதிக்குச் சாட்சியமாக மதிப்புக் குறைவு.

உள்நாட்டுப் போரில் பிடிபட்டவருக்குப் போர்க் கைதி என்ற அந்தஸ்து கிடைக்காது. ஆனாலும் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3-வது பிரிவு அவரை இழிவுபடுத்துவதைத் தடுக்கிறது, எனவே இதே அளவுகோலை அங்கேயும் வையுங்கள்.

அப்புறம், வீடியோவில் இருப்பவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் கமெண்டில் பெயரை எழுதாதீர்கள். குடும்பத்தாரிடம் தனியாகச் சொல்லி, செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடல் பிரிவை அணுகச் சொல்லுங்கள்.