இயற்கை முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் முன்

ஏப்ரல் பிறந்துவிட்டால் நீச்சல், சதுரங்கம், ரோபாட்டிக்ஸ் வரிசையில் இப்போது இயற்கை முகாம் விளம்பரங்களும் வந்துவிடுகின்றன. பணம் கட்டுவதற்கு முன் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அரை மணிக்கு ஒரு நிகழ்ச்சி என்று காலை முதல் இரவு வரை அடைத்திருந்தால், அது வகுப்பறையை மரத்தடிக்கு மாற்றிய ஏற்பாடே ஆகும். நாளுக்கு இரண்டு மணி நேரமாவது பிள்ளைகள் ஓரிடத்தில் உட்கார்ந்தோ சுற்றித் திரிந்தோ தாமாகப் பார்ப்பதற்கு விட்டிருக்க வேண்டும்.

அந்த வெற்று நேரத்தில்தான் பயனே இருக்கிறது. கூரை நிழலில் கிடக்கும் பொடிமணலில் குழியானை என்ற சிறு பூச்சி தோண்டிய புனல் வடிவக் குழியை எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் எறும்பு கால் வைத்ததும் மணல் சரிகிறது. அது மேலே ஏற முயன்றால், அடியில் புதைந்திருக்கும் பூச்சி மணலை வாரி எறிந்து மறுபடியும் சரிய வைக்கிறது. இதைப் பார்க்கச் சில சமயம் கால் மணி நேரம் அசையாமல் காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் புத்தகத்தோடு உட்காராத பிள்ளை இதற்கு உட்காருவதை நானே கண்டிருக்கிறேன். இதே பூச்சி பின்னர் தட்டானைப் போன்ற சிறகு முளைத்துப் பறக்கும் என்பதை வழிகாட்டி உடனே சொல்லிவிடாமல், பிள்ளைகளே கேட்கும்வரை பொறுத்திருந்தால் அவர் நல்ல வழிகாட்டி.

உடலுக்கும் நன்மை உண்டு. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் ஆறேழு வயதுக் குழந்தைகளை நாளும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருக்கச் செய்து பார்த்ததில், மூன்றாண்டு முடிவில் கிட்டப்பார்வை வந்தோர் 30.4 சதவீதம், வழக்கம்போல் இருந்த பள்ளிகளிலோ 39.5 சதவீதம். 2015இல் வெளியான முடிவு இது. ஐந்து நாள் முகாமால் மட்டும் கண் காக்கப்பட்டுவிடாது; வெளியில் திரியும் பழக்கத்துக்கு அது தொடக்கமாக அமையலாம்.

எந்தப் பருவத்தில் எதைக் காட்டுகிறார்கள் என்பதும் அவர்களுடைய அறிவை அளக்கும் கோல். வேடந்தாங்கலில் பறவைகள் நிறைந்திருப்பது நவம்பர் முதல் மார்ச் வரைதான். மே மாதத்தில் அங்கே பறவைக் கூட்டம் காட்டுவதாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். கோடைக்குரியவை வேறு: பூத்துக் குலுங்கும் சரக்கொன்றை, காகத்தின் கூட்டை நோட்டமிடும் குயில், நுங்கு வெட்டும் பனங்காடு.

கத்திரி வெயிலில் காலை ஆறு முதல் ஒன்பதரை வரையும், மாலை நான்கரைக்குப் பிறகும் மட்டுமே வெளியில் நடக்க வேண்டும். பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனை எது, அங்கே போக எத்தனை நிமிடம் ஆகும் என்று கேளுங்கள்; சட்டென்று பதில் வராவிட்டால் அந்த முகாம் வேண்டாம். குளம், கிணறு, ஓடை அருகில் இருந்தால் யார் காவல் இருப்பார், அவருக்கு நீந்தத் தெரியுமா என்றும் கேட்டுவிடுங்கள். இரவில் தங்கும் முகாமென்றால் உடன் தங்கும் பெரியவர்கள் யார் யார் என்று பெயரோடு தெரிந்திருக்க வேண்டும்.

பழைய முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு, தண்ணீர்ப் புட்டி, ஒரு குறிப்பேடு, பென்சில் போதும். பிள்ளை திரும்பி வந்ததும் என்ன கற்றுக்கொண்டாய் என்று தேர்வு வைக்காதீர்கள். மறுநாள் காலை அந்தக் குறிப்பேட்டோடு தெருமுனை வேப்பமரம் வரை கூடவே நடந்து போய்வாருங்கள்.